டைட்டானியம் நீலமாவதற்கு முன்

கடந்த தைப்பூசம் முடிந்த கையோடு என் அக்காள் மகன் வீட்டுக்கு வந்து, "மாமா, அடுத்த வருஷம் காவடிக்கு இடுப்பு வளையத்தை டைட்டானியத்துல செஞ்சு தர முடியுமா?" என்று கேட்டபோது, யோசிக்காமல் முடியும் என்று சொல்லிவிட்டேன். மலேசியாவின் பினாங்கு மாநிலத்துப் பிறைத் தொழிற்பேட்டையில் 22 ஆண்டுகளாக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் குழாய்களுக்கு டிக் வெல்டிங் (ஆர்கான் வாயுவின் காப்பில் மின்வில்லால் உருக்கி ஒட்டும் வேலை) செய்துவருபவனுக்கு இன்னோர் உலோகம் என்ன பெரிய காரியம் என்ற நினைப்புதான். பினாங்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலின் படிகள் ஐந்நூறுக்கும் மேற்பட்டவை. அத்தனையையும் சுமையோடு ஏறுகிறவனுக்கு ஒவ்வொரு கிராமும் கணக்கு. எஃகின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 7.9 கிராம், டைட்டானியத்துக்கு 4.5 கிராம்தான். ஆகவே அவன் கேட்டதில் நியாயம் இருந்தது. நான் சொன்ன பதிலில்தான் அவசரம் இருந்தது.

புக்கிட் மெர்தாஜாமில் எங்கள் தாமான் (குடியிருப்புப் பேட்டை) வீட்டின் கார் கொட்டகைதான் என் பட்டறை. அங்கே 200 ஆம்பியர் இன்வெர்ட்டர் மெஷின் ஒன்றும் ஆர்கான் சிலிண்டர் ஒன்றும் ஏற்கெனவே இருந்தன. கிரேடு 2 எனப்படும் கலப்பில்லாத டைட்டானியத் தகட்டில், 2 மில்லிமீட்டர் கனமுள்ள துண்டுகளை வாங்கி, டார்ச்சை மைனஸில் மாட்டி, ஸ்டெயின்லெஸுக்குச் செய்வதைப் போலவே முதல் வெல்டிங் கோட்டைப் போட்டேன். கோடு அவ்வளவு அழகாக வந்தது: தொடக்கத்தில் வைக்கோல் நிறம், பிறகு ஊதா, நடுவில் மயில்கழுத்து நீலம், முடியும் இடத்தில் மட்டும் சாம்பல் பூத்து, அதன்மேல் சுண்ணாம்பைப் போல் வெண்பொடி. படம் எடுத்து நண்பர்களுக்கு அனுப்பினேன். எல்லாரும் நீலத்தைத்தான் மெச்சினார்கள்.

கப்பல் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அண்ணன் ஒருவர் மட்டும் மெச்சவில்லை. மறுநாள் மாலை நேரில் வந்து, துண்டைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கண்ணுக்கு நல்லாத்தான் இருக்கு தம்பி. வைஸ்ல வெச்சு வளைச்சுப் பாரு" என்றார். சாம்பல் பூத்த முனை, வளையத் தொடங்கியதுமே பிஸ்கட்டைப் போல ஒடிந்தது. நீலப் பகுதி கொஞ்சம் வளைந்துகொடுத்தது. ஆனால் அதன் முதுகில் மயிரிழை விரிசல்கள் தெரிந்தன. என் அக்காள் மகன் இடுப்பில் கட்டிக்கொள்ளப்போகும் வளையத்தின் இணைப்பை நான் அப்படித்தான் செய்திருப்பேன் என்று எண்ணியபோது அன்றிரவு சாப்பாடு இறங்கவில்லை.

ஸ்டெயின்லெஸில் நிறம் மாறுவது பெரும்பாலும் மேல்தோலின் சங்கதி. பிக்கிளிங் பசை என்னும் அமிலப் பசையைத் தடவிக் கழுவினால் போய்விடும். டைட்டானியம் அப்படியல்ல. ஏறத்தாழ 400 டிகிரி செல்சியஸைத் தாண்டிய சூட்டில் அது காற்றிலுள்ள ஆக்சிஜனையும் நைட்ரஜனையும் தனக்குள்ளேயே இழுத்துக்கொள்கிறது. ஈரத்திலிருந்து வரும் ஹைட்ரஜனையும் விடுவதில்லை. அவை உள்ளே கரைந்ததும் உலோகம் கடினமாகி, வளையும் குணத்தை இழந்து, நொறுங்குகிறது. நாம் பார்க்கும் நிறமோ வெறும் சாயமன்று: மேலே படிந்த ஆக்சைடு ஏட்டின் கனத்தைப் பொறுத்து ஒளி காட்டும் வேடம் அது. வெள்ளி நிறம் என்றால், காற்று அண்டாமல் ஆர்கான் தந்த காப்பு நன்றாக இருந்தது. வைக்கோல் நிறம் வரை பொறுக்கலாம். ஊதாவும் நீலமும் எச்சரிக்கை. சாம்பலும் வெண்பொடியும் என்றால் அறுத்து எறிய வேண்டியதுதான். கம்பித் தூரிகையால் தேய்த்து நிறத்தைப் போக்கிவிட்டால் துண்டு தேறிவிடும் என்று நினைப்பவர்களும் உண்டு. நிறம் போகுமே தவிர உள்ளே போன ஆக்சிஜன் வெளியே வராது. அது என் பார்வையில் ஏமாற்று வேலை. நம் நாட்டில் வெள்ளி என்றதும் ரிங்கிட்தான் நினைவுக்கு வரும். வெள்ளி நிறம் வராத ஒவ்வொரு துண்டும் என் சட்டைப்பையிலிருந்த வெள்ளியைத்தான் விழுங்கியது.

என்னைத் திணறவைத்தது உருக்குவதன்று. டைட்டானியம் 1,668 டிகிரியில் உருகினாலும், உருகிய உலோகம் கையின் சொல்லுக்கு நன்றாகவே கட்டுப்படுகிறது. 22 ஆண்டுகளில் என் மணிக்கட்டுக்குப் பழகிப்போன ஓர் அசைவுதான் பகையாக வந்தது: வில்லொளி அணைந்ததும் முகமூடியைத் தூக்கி, டார்ச்சை நகர்த்தி, கோடு எப்படி வந்திருக்கிறது என்று பார்க்கும் அந்த அவசரம். டைட்டானியத்துக்கு அணைந்த பிறகுதான் ஆபத்து. சிவப்பு மறைந்தபிறகும் சூடு 400 டிகிரிக்குமேல் நின்றுகொண்டிருக்க, நாம் டார்ச்சை எடுத்துவிட்டால் அது திறந்த வாயோடு காற்றைக் குடிக்கிறது. ஆகவே வில் அணைந்தபிறகும் ஆர்கான் வந்துகொண்டிருக்கும் வாயு பின்னோட்டத்தை 30 விநாடிக்கு வைத்து, கையை அசைக்காமல் மனத்துக்குள் எண்ணப் பழகினேன். இணைப்பில் உருக்கிச் சேர்க்கும் ஃபில்லர் கம்பிக்கும் இதே நியாயம்தான்: அதன் முனை ஆர்கானின் குடையை விட்டு வெளியே வந்துவிட்டால், அடுத்த கோட்டுக்கு முன் முனையைக் கத்தரித்துவிட வேண்டும். முதல் மாதத்தில் நான் கத்தரித்த நுனிகள் ஒரு மைலோ டின் நிறைய இருந்தன.

டார்ச்சுக்குச் சாதாரண கப்புக்குப் பதிலாக 19 மில்லிமீட்டர் வாயுள்ள பெரிய கப்பும், வாயுவைச் சுழிக்காமல் சீராக விடும் கேஸ் லென்ஸும் மாட்டினேன். நிமிடத்துக்கு 8 முதல் 10 லிட்டர் ஆர்கான் போதுமானதாக இருந்தது. கூட்டினால் இன்னும் நல்லது என்று கூட்டிப் பார்த்தேன். வாயு சுழித்துக்கொண்டு பக்கத்துக் காற்றையும் சேர்த்து இழுத்துவந்தது. டார்ச்சின் பின்னால் இழுபட்டு வரும் காப்புப் பெட்டி ஒன்றை மெல்லிய ஸ்டெயின்லெஸ் தகட்டில் நானே செய்தேன்: உள்ளே துளையிட்ட செப்புக் குழாய், அதன்மேல் ஸ்டெயின்லெஸ் இழைப் பஞ்சு, அடியில் சன்னமான வலை. பெட்டிக்குத் தனி ஹோஸ், தனி அளவி. அசிங்கமான பெட்டிதான், ஆனால் கோட்டின் வால்பகுதி வெள்ளியாக மாறியது அன்றுதான்.

மின்விசிறியை நிறுத்திவிட்டு வேலை செய்ய வேண்டும் என்பதை இந்த ஊர் வெயிலில் வசிப்பவர்களுக்குத் தனியாக விளக்க வேண்டியதில்லை. கதவுகளையெல்லாம் சாத்திவிடலாமா என்றால் அதுவும் கூடாது. ஆர்கான் காற்றைவிடச் சுமார் 1.4 மடங்கு கனமானது. தரையோடு தேங்கி, வாசனையே இல்லாமல் மூச்சை அடைத்துவிடும். ஆகவே மூன்று பக்கம் திரை தொங்கவிட்டு, கீழே ஒரு முழம் இடைவெளி விட்டு, இரவு ஒன்பதுக்குமேல் காற்று அடங்கியபிறகுதான் தொடங்குகிறேன். டைட்டானியத்தின் நுண்துகள் தீப்பற்றினால் தண்ணீர் ஊற்றக் கூடாது என்பதால், காய்ந்த மணல் வாளி ஒன்றும் பக்கத்தில் இருக்கும்.

சுத்தத்தைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை: அசிட்டோனால் துடைத்து, அது முழுவதும் ஆவியான பிறகே வில்லைக் கொளுத்த வேண்டும், குளோரின் கலந்த கரைப்பான்களை அண்டவிடக் கூடாது, தூரிகை டைட்டானியத்துக்கென்றே தனியாக இருக்க வேண்டும். நெற்றி வியர்வை ஒரு சொட்டு விழுந்தாலும் துடைத்து முதலிலிருந்து தொடங்குகிறேன்.

இத்தனையும் செய்தபிறகும் இரண்டு வாரம் ஒரு புதிர் நீடித்தது. தொடங்கும்போது வெள்ளி, போகப்போக வைக்கோல். சிலிண்டரைச் சந்தேகித்தேன், மழையைச் சந்தேகித்தேன், மனைவி பக்கத்தில் தாளிப்பதைக்கூடச் சந்தேகித்தேன். கடைசியில் டார்ச்சின் பின்மூடியிலிருந்த சிறு ரப்பர் வளையம் தேய்ந்து, சூடேறியதும் நெகிழ்ந்து காற்றை உள்ளே விட்டதுதான் காரணம். அதன்பிறகு ஒவ்வொரு நாளும் கழிவுத்துண்டில் ஒரு கோடு போட்டுப் பார்த்து, அது வெள்ளியாக வந்தால்தான் வளையத்தைத் தொடுகிறேன்.

பேராக் மாநிலத்தில் வெள்ளீயம் எடுத்தபிறகு ஒதுக்கப்பட்ட அமாங் மணலில் இல்மனைட் உண்டு. அது டைட்டானியத்தின் தாது. வெள்ளீயச் சுரங்கத்தில் கூலி வேலை செய்த என் தாத்தா அதன்மேல்தான் நடந்திருப்பார். இன்றோ விரல் அகலத் தகட்டுக்கும் நான் வெளிநாட்டு விலை கொடுக்கிறேன்.

வளையத்தில் மொத்தம் 16 இணைப்புகள். குழாயின் உட்பக்கத்துக்கும் ஆர்கான் தேவை என்பதால், முனைகளை அலுமினிய ஒட்டுத்தாளால் அடைத்து, கீழிருந்து வாயுவைச் செலுத்தி, மேலே ஒரு சிறு துளை வழியாகக் காற்றை வெளியேற்றிய பிறகே ஒவ்வொன்றையும் தொடங்குகிறேன். 12 முடிந்துவிட்டன, அவற்றில் இரண்டை அறுத்து மறுபடி செய்தேன். அண்ணன் நேற்று வந்து குழாய்க்குள் டார்ச் லைட் அடித்துப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் தேநீர் கேட்டார். மீதி நான்கும் காத்திருக்கின்றன. சிலிண்டர் காலி, திங்கட்கிழமைதான் மாற்ற முடியும்.