குளித்த தண்ணீர் வாழைக்குப் போகும்: கனகபுரா பக்கம் 12 நாட்கள்

தங்க இடம் கேட்டு எழுதியபோது, பண்ணையிலிருந்து வந்த பதிலில் வாடகை விவரத்துக்கும் முன்னால் சோப்பைப் பற்றித்தான் இருந்தது. கடைச் சோப்பு, ஷாம்பு, சலவைத்தூள் எதுவும் கொண்டுவர வேண்டாம் என்று எழுதியிருந்தார்கள். பெங்களூருக்குத் தெற்கே, கனகபுராவுக்கு அப்பால் ஒரு பெர்மாகல்ச்சர் பண்ணை அது; இயற்கையின் போக்கைப் பார்த்து நிலம், நீர், பயிர், வீடு எல்லாவற்றையும் ஒன்றாக வடிவமைக்கும் முறை. 72 மணி நேர வடிவமைப்புப் பயிற்சிக்காக நவம்பர் கடைசியில் போனேன். மொத்தம் 12 நாள் தங்கினேன்.

சொந்தக் கூடாரம், பொதுக்கூடம், இரண்டு பேர் பகிர்ந்துகொள்ளும் மண்சுவர் அறை என்று மூன்று வழி இருந்தது. கூடாரம்தான் செலவு குறைவு. ஆனால் அந்த மாதத்தில் மழையை நம்ப முடியாது என்பதால் மண் அறையைக் கேட்டு வாங்கினேன். பணம் கட்டுவதற்கு முன் நான்கு கேள்வி கேட்டேன்: கழிப்பறை எவ்வளவு தூரம், வழியில் விளக்கு உண்டா, கொசுவலை கட்டக் கொக்கி இருக்கிறதா, பாம்புக்கடிக்கு விஷமுறிவு மருந்து வைத்திருக்கும் ஆஸ்பத்திரி எங்கே. எல்லாவற்றுக்கும் நேராகப் பதில் வந்தது. யார் போனாலும் இந்த நான்கையும் கேட்டுவிட்டுப் போங்கள், தயங்கவே வேண்டாம்.

கொசுவலையை நான் கொசுவுக்காக மட்டும் சொல்லவில்லை. கட்டுவிரியன் ராத்திரியில் நடமாடும். தரையில் படுத்திருப்பவரைக் கடித்தால் வலிகூடத் தெரியாமல் போகலாம். வலையின் ஓரத்தைப் பாய்க்கு அடியில் நன்றாகச் செருகிவிட்டால் அதுவும் ஒரு பாதுகாப்பு. கூடவே நல்ல டார்ச் ஒன்று. அங்கே எல்லாம் சூரிய மின்சாரம்தான், இரண்டு நாள் மேகம் மூடினால் ராத்திரி எட்டு மணிக்கே அறை இருட்டிவிடுகிறது.

பாயும் தலையணையும் அவர்கள் தந்தார்கள். விரிப்பு நம்முடையது. "பவானி ஜமுக்காளத்தை எடுத்துட்டுப் போடி, மண் தரை ஜில்லுனு இருக்கும்" என்றார் அம்மா. கனம் என்று முதலில் மறுத்தேன். விடியற்காலையில் குளிர் தரையிலிருந்து ஏறியபோது அதை இரண்டாக மடித்துப் போட்டுத்தான் தூங்கினேன்.

சரி, சோப்புக்கு வருகிறேன். பெங்களூர் அல்சூர் பஜாரில் ஒரு கிரந்திகெ அங்கடியில், அதாவது நாட்டு மருந்துக் கடையில், பூந்திக்கொட்டை கேட்டேன். கடைக்காரருக்குப் புரியவில்லை. 'அண்டுவாள காயி' என்றதும் எடுத்துக் கொடுத்தார். கால் கிலோ, கூடவே சீயக்காய்த்தூள், பயத்தமாவு. முதல் நாள் குளித்துவிட்டு அறைக்குப் பின்னால் போய்ப் பார்த்தேன். குளியலறைத் தண்ணீர் ஒரு சின்ன வாய்க்கால் வழியாக வட்டமான பள்ளத்துக்குள் இறங்குகிறது. பள்ளம் நிறைய சருகு, வைக்கோல், வெட்டிப்போட்ட மட்டை. சுற்றிலும் ஏழு வாழை, நடுநடுவே சேம்பு. என் தலையில் இருந்த சீயக்காய் நுரை அந்தச் சருகின் மேல் பழுப்பாக நின்று, கண்ணெதிரே உள்ளே இறங்கியது. சலவைத்தூளில் இருக்கும் சோடியம் மண்ணில் சேர்ந்துகொண்டே போனால் மண் இறுகும், தண்ணீர் உள்ளே போகாது. பையில் எதை வைக்கிறோமோ அது அந்த வாழையின் வேருக்குப் போகிறது. அதற்கப்புறம் பல் தேய்க்கும் பசையைக்கூட யோசித்துத்தான் தொட்டேன்.

கழிப்பறையும் அப்படித்தான், தண்ணீர் ஊற்றாத உலர் கழிப்பறை. கழுவிக்கொள்ளத் தனி இடம். சிறுநீர் தனியாகப் பிரிந்து போகிறது, பத்து மடங்கு தண்ணீர் கலந்து செடிக்கு விடுகிறார்கள். அங்கே வேலை செய்யும் பாட்டி ஒருவர், போனதும் மரத்தூளை இரண்டு கை அள்ளிக் குழியில் தூவிக் காட்டினார். "மூடினால் வாசனை இல்லை" என்று கன்னடத்தில் சொன்னார். உண்மைதான், வரவேயில்லை. ஆனால் பிளாஸ்டிக் உறை உள்ள நாப்கினுக்கு அங்கே இடம் கிடையாது. துணி நாப்கின் கொண்டுபோயிருந்தேன், துவைத்துக் காயவைக்க மறைவான கொடியும் இருந்தது. பெண்கள் இதை முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

உடுப்பு மூன்று செட் போதும். முழுக்கை பருத்திச் சட்டை கட்டாயம். செருப்பு, மூடிய காலணி இரண்டும் வேண்டும். நான் கொண்டுபோன ஒரே ஜோடி ஷூ நாலாம் நாள் மழையில் நனைந்து, காய இரண்டு நாள் ஆனது. வாய்க்கால் வெட்டும் வேலைக்கு அந்த இரண்டு நாளும் என்னால் இறங்க முடியவில்லை, அது இன்னும் மனதில் இருக்கிறது. பெட்டி வேண்டாம், தோள்பையே சரி. மெஜஸ்டிக்கில் பச்சை வழித்தடத்துக்கு மாறி சில்க் இன்ஸ்டிட்யூட் வரை மெட்ரோ, அப்புறம் கனகபுரா பஸ், அங்கிருந்து இன்னொரு பஸ், கடைசியில் மண்பாதை. சக்கரம் உருளாது.

காலி மருந்து அட்டை, பிஸ்கட் உறை, பேட்டரி எல்லாம் யார் கொண்டுவந்தார்களோ அவர்களே திருப்பி எடுத்துப்போக வேண்டும். அதற்கென்று ஒரு துணிப்பை வைத்திருந்தேன். திரும்பி வந்து, தெருவில் உலர் கழிவு எடுக்க வரும் நாளில் அதைக் கொடுத்தேன். ஒரு கைப்பிடி அளவுதான் இருந்தது.