சர்க்கரைச் சிகிச்சை நெறிமுறை: எழுதும் மேசையில் யார் உட்காரலாம்?

தமிழ்நாடு-கேரள எல்லையில் உள்ள கோபாலபுரம் சோதனைச் சாவடிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே நோயாளிகள்தான். பொள்ளாச்சியில் வாங்கிய மாத்திரைப் பையோடு கேரளப் பக்கத்துக் கொழிஞ்சாம்பாறைக்கு வருவார்கள். இங்கே எழுதிய சீட்டோடு அங்கே போவார்கள். இரண்டு பையிலும் சர்க்கரையைக் குறைக்கும் கிளிமெபிரைடு மாத்திரை இருக்கும், வேறு வேறு பிராண்ட் பெயரில். இரண்டையும் விழுங்கிவிட்டுச் சர்க்கரை இறங்கி மயங்குகிறவர்களைப் பார்த்துத்தான், எல்லையோரக் கிளினிக்குகளுக்குப் பொதுவாக ஒரு சிகிச்சை நெறிமுறை எழுத உட்கார்ந்தோம். மருந்து விவரங்களுக்கு அவ்வளவு நாள் ஆகவில்லை. யார் எழுதுவது, யார் ஓட்டுப் போடுவது என்பதில்தான் நாள் போனது. இதே வேலையில் இறங்குகிறவர்களுக்காக அந்தப் பகுதியை மட்டும் எழுதுகிறோம்.

நலமுரண் என்று சொன்னதுமே முகம் மாறும். "நான் கமிஷன் வாங்குகிறேன் என்கிறீர்களா?" என்பார்கள். நலமுரண் குற்றச்சாட்டு அல்ல, ஒரு நிலைமை. நோயாளிக்கு எது நல்லது என்ற முடிவை வேறொரு வரவு சாய்க்க இடம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. சாய்த்ததா என்று யாரும் நிரூபிக்க வேண்டியதில்லை. இதை முதல் கூட்டத்தில் வாய்விட்டுச் சொன்ன பிறகே, தொடர்புகளை எழுதித் தரும் பாரத்தைக் கையில் கொடுங்கள்.

இவ்வளவு கண்டிப்பு எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. அமெரிக்கா, கனடாவில் சர்க்கரைக்கும் கொழுப்புக்கும் வெளியான 14 வழிகாட்டிகளை எழுதிய 288 பேரை ஆராய்ந்து 2011-ல் பிஎம்ஜே என்ற பிரிட்டிஷ் மருத்துவ இதழில் ஒரு கட்டுரை வந்தது. 150 பேருக்கு நிறுவனங்களோடு பணத் தொடர்பு இருந்தது. "எதுவும் இல்லை" என்று எழுதிக் கொடுத்த 73 பேரிலும் 8 பேருக்கு இருந்தது. அரசுப் பணத்தில் எழுதப்பட்டவற்றில் தொடர்புள்ளவர்கள் 16 சதவீதம், மற்றவற்றில் 69. ரோசிகிளிட்டசோன் என்ற சர்க்கரை மருந்தின் விவகாரமும் இதையே காட்டியது. மாரடைப்பு எச்சரிக்கை 2007-ல் வந்தது; 2010-ல் ஐரோப்பாவும் இந்தியாவும் மருந்தை நிறுத்தின. அதே ஆண்டு வந்த ஓர் ஆய்வு, அதற்கு ஆதரவாக எழுதியவர்களிடம் நிறுவனத் தொடர்பு அதிகம் என்று கண்டது. (2013-ல் அமெரிக்கா தன் கட்டுப்பாட்டைத் தளர்த்தியது உண்மைதான். ஆபத்து எவ்வளவு என்ற வாதம் வேறு, வாதாடியவர் யாரிடம் பணம் வாங்கினார் என்பது வேறு.)

பாரத்துக்கு வருவோம். மருத்துவ இதழ்கள் பயன்படுத்தும் பொதுப் பாரம் கடந்த 36 மாத வரவைக் கேட்கிறது. அந்தக் கால அளவை அப்படியே எடுத்துக்கொள்ளலாம், கேள்விகளை அப்படியே எடுக்க முடியாது. நம் ஊரில் பெரிய தொடர்பு கிளினிக்கை ஒட்டிய மருந்துக் கடையும் லேபும்தான். வெளிநாட்டுப் பாரத்தில் அதற்கென்று தனிக் கேள்வி கிடையாது. "கடை மச்சினன் பேரில் இருக்கிறது, அதையும் எழுதணுமா சாரே?" என்று கேட்டவர் உண்டு. ஆம், எழுத வேண்டும். நாங்கள் சேர்த்த கேள்விகள்: குடும்பத்தில் யாருக்காவது மருந்துக் கடை, லேப், ஏஜென்சி உண்டா, நிறுவனம் நடத்திய இலவசச் சர்க்கரை முகாமில் உட்கார்ந்தீர்களா, குளுக்கோமீட்டரும் ஸ்டிரிப்பும் யார் தருகிறார்கள், மாநாட்டுக்கு ரயில், விமானச் சீட்டு யார் எடுத்தார்கள், பேச்சாளராகப் போனீர்களா.

கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். 2024 மார்ச்சில் இந்திய அரசு கொண்டுவந்த மருந்து விற்பனை நடத்தை விதி, மாநாட்டுக்குப் போக மருத்துவருக்குப் பயணச் செலவு தரக்கூடாது என்கிறது, ஆனால் பேச்சாளராக இருந்தால் தரலாம். நெறிமுறை எழுதக் கூப்பிடும் பெரிய டாக்டர்கள் பலரும் பேச்சாளர்கள்தான். தொகைக்குக் கீழ் எல்லையும் வைக்காதீர்கள். 20 டாலருக்கும் குறைவான ஒரே ஒரு விருந்துச் சாப்பாடு பெற்ற மருத்துவர்கள்கூட, அந்த நிறுவனத்தின் பிராண்டைக் கூடுதலாக எழுதினார்கள் என்று 2016-ல் ஓர் அமெரிக்க ஆய்வு கண்டது.

பாரத்தை வாங்கிக் கோப்பில் வைப்பதோடு பலர் நிறுத்திவிடுகிறார்கள். வெளிப்படுத்துவதால் தொடர்பு மறைந்துவிடாது. 2011-ல் அமெரிக்காவின் இன்ஸ்டிட்யூட் ஆஃப் மெடிசின் என்ற அமைப்பு வகுத்த விதி எளிமையானது: தலைவருக்கும் இணைத்தலைவருக்கும் தொடர்பு கூடாது, தொடர்புள்ளவர்கள் குழுவில் சிறுபான்மையாகத்தான் இருக்க வேண்டும், பணம் கொடுப்பவருக்கு எழுத்தில் பங்கில்லை. சின்ன ஊரில் இப்படி ஆள் கிடைக்காது என்பார்கள். தலைவர் சர்க்கரை நிபுணராக இருக்கத் தேவையில்லை, ஆய்வைப் படித்து எடைபோடத் தெரிந்தால் போதும். சமூக மருத்துவம் படித்த ஒருவரைத் தலைவராக்கினோம். நிபுணர்களை உறுப்பினர்களாக்காமல், கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டுப் போகும் அழைப்பாளர்களாக்கினோம். சிலர் வருத்தப்பட்டார்கள். அந்த வருத்தத்தைத் தாங்கித்தான் ஆக வேண்டும்.

தொடர்பை ஆளுக்கு ஒட்டாமல் கேள்விக்கு ஒட்டுங்கள். கிளிப்டின் வகைச் சர்க்கரை மாத்திரை விற்கும் நிறுவனத்துக்காகப் பேசியவர், முதலில் தரும் மெட்ஃபார்மினுக்கு அடுத்து எது என்ற கேள்வி வரும்போது வெளியே போவார். பாதப் பராமரிப்புக்கு உள்ளே வரலாம். ஓட்டு நேரத்தில் மட்டும் வெளியே போனால் போதாது, விவாதத்திலும் இருக்கக்கூடாது. முதல் வரைவை எழுதவே கூடாது. முதல் வரைவில் எந்த மருந்து முதல் வரியில் வருகிறதோ, அது பெரும்பாலும் கடைசிவரை அங்கேயே நிற்கும்.

எங்களுக்கு நழுவிய இடம் எச்பிஏ1சி இலக்கு, அதாவது சுமார் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை எண் எவ்வளவு இருக்க வேண்டும் என்பது. எண்ணைப் பற்றிய பேச்சுதானே என்று எல்லோரையும் உட்கார வைத்துவிட்டோம். 7-க்குக் கீழ் என்று வைத்தால் இரண்டாவது மாத்திரை, 6.5 என்றால் பலருக்கு மூன்றாவது. இலக்கு இறங்க இறங்க விற்பனை ஏறும். ஆகவே இரண்டாம் நிலை மருந்து விற்கும் எந்த நிறுவனத்தோடு தொடர்பு இருந்தாலும் அது இந்தக் கேள்விக்கும் பொருந்தும். பணம் இல்லாத பிடிவாதமும் இங்கே உண்டு: இருபது வருடம் இறுக்கமான இலக்கைச் சொல்லிக்கொடுத்தவருக்கு அதை மாற்றுவது கஷ்டம். 6-க்குக் கீழ் குறிவைத்த அக்கார்டு ஆய்வின் தீவிரப் பிரிவை 2008-ல் நிறுத்த நேர்ந்தது. அதில் 257 பேர் இறந்திருந்தார்கள், மற்றப் பிரிவில் 203. 2018-ல் அமெரிக்கப் பொது மருத்துவர் கல்லூரி பெரும்பாலானவர்களுக்கு 7 முதல் 8 போதும் என்றபோது அமெரிக்க நீரிழிவுச் சங்கம் எதிர்த்தது. எல்லோரையும் உட்கார வைத்த எங்கள் கூட்டத்தை ரத்து செய்து, இரண்டு தரப்பு ஆதாரங்களையும் ஒரு மருந்தாளுநரைத் தொகுக்கச் சொல்லி, மறுபடி ஓட்டெடுத்தோம்.

ஸ்லைடுகளிலும் ஒரு கண் இருக்கட்டும். ஆதாரம் என்று வந்தவற்றில் சில நிறுவனம் தயாரித்துக் கொடுத்தவை. கோப்பின் விவரப் பக்கத்தில் உருவாக்கியவர் பெயரைப் பாருங்கள். மூலக் கட்டுரை கையில் இல்லாத ஸ்லைடைத் தள்ளிவிடுங்கள்.

ஒவ்வொரு கூட்டம் தொடங்கும்போதும் "போன தடவைக்குப் பிறகு புதிதாக ஏதாவது?" என்று கேட்டு, பதிலைக் குறிப்பேட்டில் எழுதுங்கள். அச்சிடும்போது ஒவ்வொரு பரிந்துரைக்கும் கீழே யார் ஓட்டுப் போட்டார், யார் வெளியே போனார், ஏன் போனார் என்று ஒரு வரி போடுங்கள். மருந்துக்குப் பொதுப் பெயரை மட்டும் எழுதுங்கள். பொள்ளாச்சிச் சீட்டிலும் கொழிஞ்சாம்பாறைச் சீட்டிலும் கிளிமெபிரைடு என்றே இருந்தால், இரண்டு பையையும் கொட்டிப் பார்க்கும் மகளே இது ஒரே மாத்திரை என்று கண்டுபிடித்துவிடுவாள்.