வலிக்காமல் வந்த பால்

ஜூன் 3
தாய்ப்பால் எடுக்கும் பம்ப் வந்து இரண்டு நாள். இன்று காலை வலது பக்கம் 20 நிமிடம் வைத்தும் பாட்டில் அடி நனைகிற அளவுதான் பால். வரவில்லையே என்று இழுவிசையைக் கூட்டிக்கொண்டே போனேன். கழற்றிப் பார்த்தால் காம்பு வெளுத்து, சுற்றிலும் சிவப்பு வளையம். அழுகை வந்துவிட்டது. இன்னும் 3 வாரத்தில் வேலைக்குத் திரும்ப வேண்டும்.

ஜூன் 4
தாய்ப்பால் ஆலோசகர் பம்ப்பைத் தொடுவதற்கு முன் ஸ்கேலைத்தான் எடுத்தார். காம்பின் அடிப்பகுதி 17 மில்லிமீட்டர். பெட்டியில் வந்த, மார்பில் வைக்கும் புனலின் குழாயோ 24. கருவளையமும் சேர்ந்து குழாய்க்குள் இழுபட்டு உரசியிருக்கிறது. காம்பைவிட 1 முதல் 3 மில்லிமீட்டர் பெரிய புனல் பலருக்குப் பொருந்துமாம். "உங்க உடம்புல எந்தக் குறையும் இல்லைம்மா, புனல்தான் பெருசு" என்றார். வலியும் பதற்றமும் இருந்தால் பாலை இறக்கும் ஹார்மோனான ஆக்சிடோசின் சுரப்பது தடைபடும், பால் இறங்காது என்றும் சொன்னார். நான் இழுவிசையைக் கூட்டக் கூட்ட நேர் எதிரானது நடந்திருக்கிறது!

ஜூன் 6
19 மில்லிமீட்டர் புனல். வெதுவெதுப்பான துணியை ஒற்றி, மார்பை மெதுவாகத் தடவிவிட்டு, முதலில் லேசான, வேகமான துடிப்பில் வைத்தேன். இரண்டு நிமிடத்தில் மார்பில் ஒரு குறுகுறுப்பு. ஒரு சொட்டு, இன்னொரு சொட்டு, பிறகு ஊசிநூல் போல மூன்று நான்கு பீய்ச்சல்கள் புனல் சுவரில் அடித்தன. மெதுவான இழுப்புக்கு மாற்றினேன். இழுவிசையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, கூசுகிற இடத்தில் ஒரு படி இறக்கிவிட்டேன். புனலுக்குள் காம்பு உரசாமல் போய் வந்தது. 60 மில்லி. வலியே இல்லை.

ஜூன் 7
70 மில்லி. தூங்கப் போகிறேன்.

ஜூன் 11
பாப்பா குடித்து மிச்சம் வைத்த 40 மில்லியைக் கொட்டினேன். மனசே இல்லை. ஆனால் வாய் வைத்த பாட்டிலை 2 மணி நேரத்துக்குமேல் வைக்கக் கூடாது. அதனால் இனி 60 மில்லி பைகள்தான், உறையும்போது விரிய மேலே கொஞ்சம் இடம் விட்டு. புதுப் பால் 25 டிகிரி வரை வெளியே 4 மணி நேரம், ஃபிரிட்ஜில் 4 நாள், ஃபிரீசரில் 6 மாதம் வரை நல்லது. அறை அதைவிடச் சூடென்றால் காத்திருக்காமல் உள்ளே வைத்துவிட வேண்டும். கதவுத் தட்டில் வேண்டாம், திறந்து மூடும்போதெல்லாம் சூடேறும், உள்ளே பின்பக்கம்தான். இளஞ்சூட்டுப் பாலைக் குளிர்ந்த பாலில் நேரே ஊற்றாமல், குளிரவைத்துச் சேர்க்கிறேன்.

ஜூன் 15
உறைந்த பையை ஃபிரிட்ஜில் வைத்து உருக்கினால் சோப்பு வாசனை! கெட்டுவிட்டதோ என்று நடுங்கிப்போனேன். பாலிலேயே உள்ள லிபேஸ் நொதி கொழுப்பை உடைப்பதால் இப்படி வருவதுண்டாம். பாப்பா முகம் சுளிக்காமல் குடித்தாள். முழுதும் உருகிய பாலை ஃபிரிட்ஜில் 24 மணி நேரத்துக்குள் கொடுத்துவிட வேண்டும், மறுபடி உறைய வைக்கக் கூடாது. மைக்ரோவேவில் அங்கங்கே கொதித்துக் குழந்தையின் வாய் வெந்துபோகும். வெதுவெதுப்பான நீர்க் கிண்ணத்தில் வைத்தால் போதும். மேலே திரண்ட கொழுப்பு, பாட்டிலை லேசாகச் சுழற்றினால் கலந்துவிடுகிறது.

ஜூன் 19
பம்ப் பாகங்களுக்கென்றே தனிப் பேசின், தனி பிரஷ். சிங்க்கில் நேரே போடுவதில்லை. கழுவி, துடைக்காமல் காற்றில் உலரவிடுகிறேன்.

ஜூன் 24
வேலையில் முதல் நாள். சுமார் 3 மணி நேரத்துக்கு ஒரு முறை, கதவைச் சாத்திக்கொண்டு, பாப்பாவின் படத்தைப் பார்த்தபடி எடுத்தேன். 90 மில்லி, பிறகு 80. ஐஸ் பேக் போட்ட பையில் வைத்துக் கொண்டுவந்தேன். "21ஆம் தேதி போட்ட பைதான் கொடுத்தேன், ஒரு சொட்டு விடாம குடிச்சிட்டா" என்றார் அம்மா, கழுவிக் கவிழ்த்த பாட்டிலைக் காட்டி.