தண்ணீர் வடிந்ததும் சாவியைத் தேடாதீர்கள்

மிக்ஜாம் புயல் போன்ற மழைக்குப் பிறகு சென்னையின் வேளச்சேரி, முடிச்சூர் பக்கமிருந்து இழுத்து வரப்படும் கார்களில், தண்ணீர் எந்த மட்டம் வரை ஏறியது என்பதைத்தான் சேதத்தை மதிப்பிட வரும் இன்ஷூரன்ஸ் சர்வேயர் முதலில் பார்ப்பார். கார்பெட்டோடு நின்றதா, சீட் வரை வந்ததா, டேஷ்போர்டைத் தொட்டதா? செலவின் அளவு பெரும்பாலும் இதிலேயே தெரிந்துவிடும். அடுத்து ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறப்பார். உள்ளே சேறோ ஈரமோ இருந்தால் பேச்சு இன்ஜின் பக்கம் திரும்பும்.

தண்ணீரில் நின்ற காரை ஸ்டார்ட் செய்தால் சிலிண்டருக்குள் காற்றோடு தண்ணீரும் போகலாம். காற்று அழுத்தத்துக்குச் சுருங்கும், தண்ணீர் சுருங்காது. மேலே ஏற முடியாத பிஸ்டன், தன்னைத் தாங்கும் கம்பியான கனெக்டிங் ராடை வளைத்துவிடும். சில இன்ஜின்களில் ராடு முறிந்து பிளாக்கையே உடைத்துக்கொண்டு வெளியே வரும். "ஸ்டார்ட் பண்ணவே இல்லை சார்" என்று எவ்வளவு சொன்னாலும், வளைந்த ராடு வேறு கதை சொல்லும். இதை வெள்ளச் சேதமாக அல்ல, அதன் பிறகு ஓட்டுநர் செய்த செயலால் வந்த விளைவுச் சேதமாகவே கம்பெனி எடுத்துக்கொள்ளும். சாதாரண காம்ப்ரிஹென்சிவ் பாலிசியில் அதற்குப் பொதுவாகப் பணம் வராது. 'இன்ஜின் புரொடெக்ட்' என்ற கூடுதல் கவர் வேண்டும். பிரீமியத்தைக் குறைக்கப் பலர் முதலில் வெட்டுவது இதைத்தான். தாழ்வான பகுதியில் குடியிருப்பவர்கள் அப்படிச் செய்வது சரியான கணக்கே இல்லை.

செய்ய வேண்டியது அதிகமில்லை. நம்பர் பிளேட்டும் நீர்மட்டக் கறையும் ஒன்றாகத் தெரிய போட்டோ எடுங்கள். வீட்டைக் கழுவும் வேகத்தில் கறையும் போய்விடும். பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள். கிளெய்ம் எண் வாங்கியபின் காரை முழுதாக மேலே ஏற்றும் ஃபிளாட்பெட் வண்டியில் அனுப்புங்கள். தள்ளி ஸ்டார்ட் செய்வதும் அதே ராடைத்தான் வளைக்கும்.

ஒர்க்‌ஷாப்பில் ஆயில் பால் காபி நிறத்தில் வந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது என்று பொருள். ஃபில்டரோடு மாற்றி, ஓடவிட்டு, மறுபடியும் மாற்ற வேண்டும். பலர் கோட்டை விடுவது கார்பெட்டுக்கு அடியில். மேலே காய்ந்த மாதிரி இருக்கும், அடியிலிருக்கும் ஃபோம் வாரக்கணக்கில் நீரைப் பிடித்து வைத்திருக்கும். தரையோடு போகும் ஒயரிங் கனெக்டர்களும், பல கார்களில் நடுக் கன்சோலுக்கு அடியில் இருக்கும் ஏர்பேக் மாட்யூலும் மெல்லத் துருப்பிடித்து, கிளெய்ம் முடிந்தபின் எச்சரிக்கை விளக்கு எரியும். சீட்டைக் கழற்றிப் பார்க்கச் சொல்லி இப்போதே வற்புறுத்துங்கள். பிரித்தபின் புதிதாகச் சேதம் தெரிந்தால், சர்வேயர் மறுபடி பார்க்கும்வரை பழைய பாகத்தைத் தூக்கிப் போடக் கூடாது.

பில் முழுவதும் கிடைக்காது. மூன்றரை வயதுக் காருக்கு உலோகப் பாகங்களில் 25 சதவீதம், ரப்பர், பிளாஸ்டிக், பேட்டரியில் 50 சதவீதம் தேய்மானம் கழிப்பார்கள். உலோகம் 40,000, பிளாஸ்டிக் 20,000, கூலி 15,000 ரூபாய் என்றால், வரியை விட்டுப் பார்க்க, வருவது 55,000. 1500 சிசி வரையுள்ள காருக்குக் கட்டாயக் கழிவு 1,000 போக 54,000. 'ஜீரோ டெப்' கவர் இருந்தால் தேய்மானக் கழிவு பெரும்பாலும் இல்லை.

பழுதுச் செலவு ஐ.டி.வி.யில் (பாலிசியில் காருக்குப் போட்டிருக்கும் மதிப்பு) 75 சதவீதத்தைத் தாண்டினால் டோட்டல் லாஸ், அதாவது கார் முழுச் சேதம் என்று கணக்கு. 5 லட்சம் ஐ.டி.வி. என்றால் எல்லை 3.75 லட்சம். கடன் பாக்கி இருந்தால் வங்கிக்குத்தான் முதல் பணம்.

வெறும் கார்பெட் கழுவலும் ஆயில் மாற்றமும்தான் என்றால் கிளெய்மே வேண்டாம். கிளெய்ம் செய்யாமல் ஐந்து ஆண்டு சேர்த்த 50 சதவீதப் பிரீமியத் தள்ளுபடியான நோ கிளெய்ம் போனஸ், அதைக் காக்கும் கவர் இல்லாவிட்டால், அடுத்த புதுப்பிப்பில் பூஜ்யமாகிவிடும்.