ஆமி இல்லை பிள்ளை, மரீன்

போன கிழமை காரைநகர் ஆச்சி திரும்பவும் வந்தார். முதல் தடவை வந்தது வீசா அலுவலுக்காக. பிறப்புச் சான்றிதழ், விவாகப் பதிவு, காணி உறுதி எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் பெயர்த்து முத்திரை குத்திக் கொடுத்தேன். அமெரிக்காவிலிருந்து மகன் அனுப்பிய கடிதத்தையும் நீட்டி, "இதிலை என்ன எழுதியிருக்கிறான் எண்டு ஒருக்காத் தமிழிலை சொல்லு பிள்ளை" என்றார். சன் டியேகோவில் பேரனின் பயிற்சி முடிகிறது, அந்த விழாவுக்கு அம்மாவும் வரவேண்டும் என்று எழுதியிருந்தது. நானும் பெரிதாக யோசிக்காமல், "பேரன் ஆமிப் பயிற்சி முடிக்கிறாராம் ஆச்சி" என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

இந்தத் தடவை கதிரையில் இருந்ததும் இருக்காததுமாக அதைத்தான் தொடங்கினார். "அவன் ஆமி இல்லையாம் பிள்ளை. மரீனாம். ஆமி எண்டு சொல்லாதேங்கோ அப்பம்மா எண்டு போனிலை கத்துறான்."

பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: "பக்கத்து வீட்டுக்காரியிட்டையும் பேரன் ஆமியிலை சேர்ந்திட்டான் எண்டு சொல்லிப்போட்டன். அவளின்ரை முகம் மாறிப் போச்சு. அதுக்குப் பிறகு ஒண்டும் கேக்கேல்லை."

அந்த முகத்தை எனக்குத் தெரியும். யாழ்ப்பாணத்தில் 'ஆமி' என்ற சொல்லை யாரும் வெறுமனே கேட்பதில்லை. யாருடைய வீட்டு வாசலிலோ, ஏதோ ஒரு சென்றிக் காவலரணிலோ அந்தச் சொல்லுக்கு ஒரு நினைவு நிற்கும். பேரன் பிழை என்று கத்தியதற்கு ஒரு காரணம், பக்கத்து வீட்டுக்காரி மௌனமானதற்கு வேறொரு காரணம். இரண்டுக்கும் வழி வைத்தது நான் சொன்ன ஒரு சொல். அன்றிரவு எனக்கு நித்திரை சரியாக வரவில்லை. எழுந்திருந்து அந்தப் படையைப் பற்றித் தேடி வாசித்தேன்.

அமெரிக்காவில் ஆமி என்கிற தரைப்படையில் இருப்பவர் சோல்ஜர். கடற்படையில் இருப்பவர் செய்லர். விமானப்படையில் இருப்பவர் எயர்மன், பெண்ணாக இருந்தாலும் அதே பெயர்தான். மரீன் கோர் என்பது தனிப்படை. 1775 நவம்பர் 10 ஐத் தங்கள் பிறந்தநாளாக வைத்து இன்றும் கேக் வெட்டுகிறார்கள். நிர்வாகத்தில் கடற்படையோடு ஒரே திணைக்களத்தின் கீழ் இருந்தாலும் அவர்களை செய்லர் என்று சொல்லக்கூடாது. கப்பலில் போய்க் கரையில் இறங்கிச் சண்டை செய்வது அவர்களின் பழைய வேலை. இதில் எனக்குப் பிடித்த ஒரு விசயம், மரீன் படைக்கென்று சொந்தமாக மருத்துவர்கள் இல்லை. காயப்பட்ட மரீனுக்கு மருந்து கட்டுபவர் கடற்படையிலிருந்து வந்தவர். அதாவது ஒரே பதுங்குகுழியில் ஒரே மாதிரி உடுப்போடு இருக்கும் இரண்டு பேரில் ஒருவர் மரீன், மற்றவர் செய்லர்.

பேரன் ஏன் கத்தினான் என்பதும் வாசித்த பிறகுதான் விளங்கியது. பதின்மூன்று கிழமைப் பயிற்சியில் அந்தப் பிள்ளைகளை ஒருவரும் மரீன் என்று கூப்பிடுவதில்லை. 'ரெக்ரூட்' மட்டும்தான். கடைசியில், நித்திரையும் சாப்பாடும் குறைத்து இரண்டு நாளுக்கு மேல் நடக்கும் ஒரு கடும் சோதனையை முடித்தால், கழுகும் உலக உருண்டையும் நங்கூரமும் சேர்ந்த சின்னம் ஒன்றைக் கையில் வைப்பார்கள். அப்போதுதான் முதல் தடவையாக 'மரீன்' என்று அழைப்பார்கள். சேவையை விட்டு வெளியே வந்த பிறகும் அந்தப் பெயர் போகாது என்பது அவர்களுடைய நம்பிக்கை. உடம்பை வருத்தி உழைத்து எடுத்த பெயர் அது. அதை நான் ஒரு வாயில் ஆமி ஆக்கிவிட்டேன்.

நான் சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளராக வேலை செய்கிறேன். கச்சேரியடியில், மாவட்டச் செயலகத்துக்குப் பக்கத்தில், ஒரு சின்ன அறை, ஒரு கணினி, ஒரு முத்திரைப் பெட்டி. படைகளின் பெயர் வராத கிழமை எனக்கு இல்லை. காணி, மீன்பிடி, காணாமல் போனவர்கள் என்று எந்தக் கோவையைத் திறந்தாலும் ஏதோ ஒரு படை அதற்குள் இருக்கும். இவ்வளவு காலம் இதே வேலையில் இருந்தும் இந்தப் பிழையை நான் இரண்டாவது தடவை விட்டிருக்கிறேன். முதல் தடவை நடந்தது இதைவிடப் பாரதூரமானது.

வேலைக்கு வந்த புதிதில் ஒரு கடற்றொழிலாளி ஐயா வந்தார். விரல் மடிப்புகளில் தங்கூசி நூல் அறுத்த தழும்புகள் வெள்ளை வெள்ளையாகக் கோடு போட்டிருந்தன. தன் வலைகளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள், முறைப்பாடு எழுத வேண்டும் என்றார். "நேவிக்காரர் வந்தவங்கள்" என்று தெளிவாகத்தான் சொன்னார். கரையோரத்து ஆட்களுக்கு ஒருபோதும் இது பிசகாது. தூரத்தில் படகு வரும் தோரணையை வைத்தே ஆர் என்று சொல்வார்கள். நான்தான் நல்ல தமிழில் எழுத வேண்டும் என்ற எண்ணத்தில் 'இராணுவத்தினர்' என்று தட்டச்சுச் செய்தேன். நேவி என்றால் பேச்சுச் சொல், இராணுவம் என்றால் எழுத்துச் சொல் என்று என் தலைக்குள் இருந்தது. அவர் வாசிக்கத் தெரியாதவர், கைநாட்டு வைத்தார். மாதங்கள் கழித்துப் பதில் வந்தது: அந்தத் திகதியில் அந்த இடத்தில் இராணுவத்தினர் யாரும் கடமையில் இருக்கவில்லை. அவ்வளவுதான். அது பொய்யான பதிலும் இல்லை. திரும்ப எழுதினோம், ஆனால் முதல் கடிதத்தில் ஒன்று, இரண்டாவதில் இன்னொன்று என்றால் யார் நம்புவார்கள்? வலை கிடைக்கவில்லை. அவர் என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை. அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருக்கிறது.

இந்தக் குழப்பத்தின் வேர் எங்கே என்று அதற்குப் பிறகு நிறைய யோசித்திருக்கிறேன். 'இராணுவம்' என்ற ஒரு சொல்லுக்கு நாங்கள் இரண்டு வேலை கொடுத்து வைத்திருக்கிறோம். இலங்கை இராணுவம் என்றால் அது தரைப்படையின் உத்தியோகபூர்வப் பெயர். அதே சொல்லை இராணுவ ஆட்சி, இராணுவச் செலவு, இராணுவத் தளபாடம் என்று எல்லாப் படைக்கும் பொதுவாகவும் எழுதுகிறோம். கடற்படைக்காரர் ஒருவரை விசாரித்தாலும் 'இராணுவ நீதிமன்றம்' என்றுதான் பத்திரிகையில் வரும். பொதுவாகச் சொல்ல வேண்டிய இடத்தில் இப்போது நான் 'படைத்துறை' என்று எழுதுகிறேன். கொஞ்சம் விறைப்பாக இருக்கிறது, ஆனால் யாரையும் பிழையான இடத்தில் மாட்டிவிடாது.

சிங்களத்திலிருந்து பெயர்க்கும்போது இதே குழி இன்னொரு பக்கம் இருக்கிறது. 'ஹமுதாவ' என்றால் படை. யுத்த ஹமுதாவ இராணுவம், நாவிக ஹமுதாவ கடற்படை, குவன் ஹமுதாவ விமானப்படை. மூன்றும் சேர்ந்தால் திரிவித ஹமுதாவ, எங்கள் முப்படை. கடிதத்தின் முதல் பந்தியில் முழுப்பெயரைப் போட்டுவிட்டு, கீழே வெறும் 'ஹமுதாவ' என்று எழுதியிருப்பார்கள். அவசரத்தில் பெயர்க்கிற ஒருவர் அதைப் பார்த்ததும் இராணுவம் என்று எழுதிவிடுவார். ஆட்களுக்கும் அங்கே தனித்தனிப் பெயர் உண்டு: இராணுவத்துக்கு செபளா, கடற்படைக்கு நாவிகயா, விமானப்படைக்கு குவன் பட்டயா. தமிழில் நாங்கள் எல்லாரையும் சிப்பாய் ஆக்கி முன்னால் படையின் பெயரைச் சேர்க்கிறோம். கடற்படைச் சிப்பாய், விமானப்படைச் சிப்பாய். எனக்கு அதில் குறை இல்லை, அதிகாரியைச் சிப்பாய் என்று எழுதாதவரைக்கும்.

கடற்படையில் இருப்பவரை 'மாலுமி' என்று எழுதலாமே என்று ஒரு தம்பி கேட்டார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. வல்வெட்டித்துறையில் போய் மாலுமி என்று சொல்லிப் பாருங்கள். அங்கே கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பல் 1938 இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகம் வரைக்கும் ஓடிப்போன ஊர் அது. கப்பல் தலைவனான தண்டையலும் மாலுமியும் அவர்களுக்கு வீட்டுச் சொல். துவக்கோடு நிற்கிறவருக்கு அந்தப் பெயரைக் கொடுத்தால் அந்த ஊர் முதியவர்களுக்கு மனம் நோகும்.

பதவிப் பெயர்கள் வந்தால் இன்னும் கவனம் வேண்டும். கப்டன் என்ற பெயர் இராணுவத்திலும் உண்டு, கடற்படையிலும் உண்டு. இராணுவக் கப்டனுக்குத் தோளில் மூன்று நட்சத்திரம். கடற்படைக் கப்டனுக்கு நான்கு பொன்பட்டிகள், மேல் பட்டியில் ஒரு வளையம். இவர் இராணுவத்துக் கேணலுக்குச் சமமானவர். இராணுவக் கப்டனுக்குச் சமமானவர் கடற்படையில் லெப்டினன்ட், விமானப்படையில் பிளைட் லெப்டினன்ட். எங்கள் ஊரில் கப்டன், மேஜர், லெப்டினன்ட் கேணல் என்ற சொற்களைப் பலரும் முதலில் படித்தது மதில்களில் ஒட்டிய புலிகள் இயக்கத்தின் அஞ்சலிச் சுவரொட்டிகளில்தான். அதனால் அந்தச் சொற்கள் மனதில் ஒரே வரிசையாகப் பதிந்துவிட்டன. கடலில் வேறொரு வரிசை இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது.

இதிலும் மோசமானது கொமாண்டர். கடற்படையில் அது ஒரு பதவிநிலை, கப்டனுக்கு ஒருபடி கீழே. ஆனால் கடற்படைத் தளபதி என்றால் நாட்டில் ஒரேயொருவர்தான். ஒரு தடவை என்னிடம் திருத்துவதற்கு வந்த மொழிபெயர்ப்பில், காணி பார்க்க வந்த கொமாண்டர் ஒருவர் 'கடற்படைத் தளபதி' ஆகியிருந்தார். கடற்படையின் தலைவரே வந்து வேலியை அளந்தார் என்ற அர்த்தம். அந்த வசனத்தோடு கோவை கொழும்புக்குப் போயிருந்தால் அடுத்த நாளே பொய் முறைப்பாடு என்று மூடியிருப்பார்கள். பதவிப் பெயர்களை மொழிபெயர்க்காமல் கொமாண்டர், விங் கொமாண்டர், பெட்டி ஒபிசர் என்று ஒலிபெயர்த்து விடுவதுதான் என் பழக்கம். பெட்டி ஒபிசரைச் 'சிற்றதிகாரி' என்று எழுதினால் அவர் அதிகாரி என்றாகிவிடும். அவர் சார்ஜன்ட் தரத்தவர்.

வலிகாமம் வடக்கில் படைகளிடம் காணி இழந்தவர்களுக்கு இதெல்லாம் சொல் விளையாட்டு இல்லை. பலாலி, மயிலிட்டி, காங்கேசன்துறை என்று போகும்போது ஒரு துண்டு இராணுவத்திடம், அடுத்த துண்டு விமானப்படையிடம், கரைப்பக்கம் கடற்படையிடம் என்று இருந்திருக்கிறது. ஒரு குடும்பத்தின் இரண்டு காணிகளுக்கு நான் இரண்டு வேறு கடிதம் எழுதியிருக்கிறேன். ஒன்று இராணுவத்துக்கு, ஒன்று கடற்படைக்கு. இரண்டுக்கும் நடுவில் ஒரு கிணறு, அது பங்குக் கிணறு. அதை எந்தக் கடிதத்தில் போடுவது என்று அரைநாள் கதைத்தோம்.

விசேட அதிரடிப்படையைப் பலர் ஆமி என்கிறார்கள். உடுப்பும் துவக்கும் அப்படித் தோன்றினாலும் அவர்கள் பொலிஸ். முறைப்பாடும் பொலிஸ் வழியாகத்தான் போகும். 2009 ஆம் ஆண்டின் 41 ஆம் இலக்கச் சட்டத்தால் வந்த கரையோரப் பாதுகாப்புத் திணைக்களத்தை நேவி என்று எழுதுவதும் பிழை. அதைவிடப் பிழை, கரையோரம் பேணல் திணைக்களத்தோடு அதைக் குழப்புவது. ஒன்று கடலில் படகோடு நிற்பது, மற்றது கரையில் வீடு கட்ட அனுமதி கேட்டுப் போகிற இடம்.

சரி, ஆச்சியிடம் வருகிறேன். "தமிழிலை அதுக்கு வேறை சொல் இல்லையோ பிள்ளை? பக்கத்து வீட்டுக்காரிக்குச் சொல்லக் கூடின மாதிரி?" என்று கேட்டார். ஈரூடகப் படை என்று சிலர் எழுதுகிறார்கள். நீரிலும் நிலத்திலும் என்ற பொருள் சரிதான், ஆனால் காரைநகரில் வேலிக்கு மேலால் எட்டிச் சொல்லக்கூடிய சொல் இல்லை அது. கடற்படை என்றால் காரைநகர்க்காரருக்கு உடனே அங்கேயிருக்கும் எலார முகாம்தான் கண்ணில் வரும். அமெரிக்க விண்வெளிப் படைக்காரரைக் கார்டியன் என்று 2020 இல் பெயர் வைத்தார்களே, அதைத் தமிழில் பாதுகாவலர் என்றால் பள்ளிக்கூடப் படிவத்தில் தகப்பனுக்குப் பதிலாகக் கையெழுத்து வைக்கிறவர் ஆகிவிடுவார். சில பெயர்கள் தமிழுக்குள் வந்தால் தங்கள் ஆளை விட்டுவிட்டு வருகின்றன.

"மரீன் எண்டே சொல்லுங்கோ ஆச்சி," என்றேன். "கேட்டால், கப்பலிலை போய்க் கரையிலை இறங்கிற படை, அமெரிக்காவிலை தனியா இருக்கு எண்டு சொல்லுங்கோ."

"இஞ்சை இருக்கோ அப்பிடி?"

2016 இல் இலங்கைக் கடற்படைக்குள்ளும் ஒரு மரீன் பிரிவு தொடங்கினார்கள். ஆனால் அவர்கள் கடற்படையைச் சேர்ந்தவர்களே. அதைச் சொன்னேன். ஆச்சி கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். நான் சொல்லாமல் விட்டிருக்கலாமோ என்று ஒரு கணம் நினைத்தேன். ஆனால் கேட்டவருக்குப் பொய் சொல்ல முடியாது.

"அப்ப அமெரிக்க மரீன் எண்டு சேர்த்துச் சொல்லுறன்," என்றார்.

ஒரு தாளில் பெரிய எழுத்தில் 'அமெரிக்க மரீன்' என்று எழுதிக் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டு இரண்டு தரம் வாய்விட்டு வாசித்தார். நாலாக மடித்து, வீசாக் கட்டணம் கட்டிய பற்றுச்சீட்டோடு சேர்த்துக் கைப்பைக்குள் வைத்தார். மொழிபெயர்த்த பத்திரங்களில் ஏதாவது திருத்த வேண்டுமா என்று கேட்டேன். இல்லையாம், இந்தச் சொல்லுக்காகத்தான் பஸ் எடுத்து வந்தாராம்.