பெயரின் மேல் ஒரு விரல்

கயத்தாறு கட்டபொம்மனைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு வீரன் சிலை என்றாலே மீசை, வாள், நிமிர்ந்த நெஞ்சு. கிரேக்க விடுதலைப் போரில் மாண்ட மார்கோஸ் போட்சாரிஸுக்காகப் பிரெஞ்சுச் சிற்பி டேவிட் தாஞ்சே 1827-இல் முடித்த சலவைக்கல் சிலையில் வீரனே கிடையாது. கல்லறைப் பலகை மேல் ஒரு சிறுமி சாய்ந்து கிடந்து, விரல் வைத்து அவர் பெயரை எழுத்துக்கூட்டுகிறாள். அவ்வளவுதான்.

போட்சாரிஸ் 1823 ஆகஸ்டில் கார்பெனிசி அருகே துருக்கியர் பாசறைக்குள் இரவில் புகுந்து தாக்கியபோது விழுந்தவர். அடக்கம் செய்தது மேற்குக் கிரேக்க ஊரான மிசோலோங்கியில். மறு ஆண்டு ஏப்ரலில் ஆங்கிலக் கவிஞர் பைரன் காய்ச்சலில் இறந்ததும் அதே ஊரில்தான்.

அந்தக் காலத்து ஐரோப்பியப் பட்டறையில் யாரும் நேரே கல்லில் உளி வைப்பதில்லை. முதலில் களிமண், அதிலிருந்து பிளாஸ்டர் மாதிரி. மாதிரியில் மூன்று நிலைப்புள்ளி குறித்து, ஊசி பொருத்திய சட்டத்தை அவற்றின் மேல் உட்கார வைப்பார்கள். ஊசி மாதிரியை எவ்வளவு ஆழத்தில் தொடுகிறதோ, சட்டத்தைக் கல்லுக்கு மாற்றி அங்கேயும் அந்த ஆழத்துக்குத் துளை. இரண்டு மூன்று மில்லிமீட்டர் மிச்சம் விட்டே துளைக்க வேண்டும். ஒரு துளை ஆழமாகிப் போனால் அடைக்க வழியில்லை. சுற்றியுள்ள பரப்பையெல்லாம் இறக்கியாக வேண்டும், மூக்கு சப்பையாகிவிடும்.

கிருஷ்ணாபுரத்துத் தூண்களைச் செதுக்கிய கை சலவைக்கல்லில் தடுமாறியிருக்கும். கருங்கல்லில் உளியைச் செங்குத்தாகப் பிடித்துப் பொடியாக்கலாம். சலவைக்கல்லில் அப்படி அடித்தால் உள்ளே கன்றிப்போகும். அடிக்கும்போது தெரியாது, மெருகேற்றும்போதுதான் வெள்ளைப் புள்ளியாக எட்டிப் பார்க்கும். அதனால் உளியைச் சாய்த்தே பிடிக்க வேண்டும். நீட்டிய விரல்தான் எந்தச் சிலையிலும் முதலில் ஒடியும். இங்கே விரல் பலகையைத் தொட்டே இருப்பதால் அந்தரத்தில் நிற்கவில்லை. கெட்டிக்கார வேலை!

அப்படியும் மிசோலோங்கியில் திறந்த வெளியில் இருந்த சிலை சேதப்பட்டது. மூலம் இப்போது ஏதென்ஸில், தேசிய வரலாற்று அருங்காட்சியகத்தில். மிசோலோங்கியில் இருப்பது நகல்.

நம் பக்கத்தில் தலைவருக்குச் சலவைக்கல்லில் மார்பளவுச் சிலை வைக்க நினைப்பவர்கள் மேலே ஒரு கூரை போட்டுவிடுங்கள். இது சுண்ணாம்புச் சத்துள்ள கல், புளிப்பு ஆகவே ஆகாது. பித்தளைக் குத்துவிளக்கைத் தேய்க்கிற நினைப்பில் புளியோ எலுமிச்சையோ வைத்துத் தேய்த்தால் மெருகு போய் மேல்பரப்பு சொரசொரத்துவிடும். வெறும் தண்ணீரும் மெல்லிய பிரஷ்ஷும் போதும். எண்ணெயும் குங்குமமும் கல்லுக்குள் இறங்கினால் எடுப்பது பெரும்பாடு.

பிறந்தநாள் மாலைதான் பெரிய வில்லன். கம்பி வைத்துக் கட்டிய மாலை நனைந்து ஒரு வாரம் தொங்கினால் கழுத்தில் துருக்கோடு விழும். வாழைநாரில் கட்டச் சொல்லுங்கள். அன்று சாயங்காலமே கழற்றிவிடுங்கள்.