50 லக்ஸ் வெளிச்சம்

அருங்காட்சியகத்தின் புதிய காட்சிக்கூடம் திறப்பதற்கு முன், இன்று வடிவமைப்பு இயக்குநர் ஒரு கண்ணாடிப் பேழையின் முன்னே முழந்தாளிட்டு, சக்கர நாற்காலியில் வருபவரின் கண்மட்டத்திலிருந்து விளக்கக் குறிப்பை வாசித்துப் பார்த்தார்.

கண்ணாடியில் விளக்கொளி பட்டு, ஒரு வரி முழுவதும் மறைந்திருந்தது.

உள்ளே இருந்தது பழங்காலத் துணி. ஒளியில் மங்கிவிடும் துணிக்கும் காகிதத்துக்கும் சுமார் 50 லக்ஸ் (ஒரு பரப்பில் விழும் வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சமே இத்துறையில் பரவலாகப் பின்பற்றப்படும் வரம்பு என்பதால், கூடத்துக்கு வரும் வழியிலேயே ஒளியைப் படிப்படியாகக் குறைத்து, பார்வையாளரின் கண்கள் பழகிக்கொள்ள அவகாசம் தந்திருந்தார்.

குறிப்பட்டைகளுக்கு எழுத்து வடிவமைப்பவராகத் தொடங்கியவர் அவர். இன்று காப்பாளர், கட்டடக் கலைஞர், ஒளியமைப்பாளர் எல்லோரையும் ஒரே முடிவுக்குக் கொண்டுவரும் பொறுப்பு அவருடையது. கூட்டங்களே நாள் முழுவதையும் விழுங்கிவிடும் அந்தப் பதவியிலும் தரையில் அமர்ந்து பார்ப்பதை அவர் விடாதது எனக்குப் பெரிதாகப்படுகிறது.

விளக்கைச் சற்றுத் திருப்பச் சொல்லிவிட்டு, மீண்டும் முழந்தாளிட்டார்.